ரோபோ ஆபரேஷனும் டாக்டரின் கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பக்கமிருந்து இங்கே சிகிச்சைக்கு வருபவர்கள் நிறைய. அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன. இந்த சிஸ்டருக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்துவிட்டால் போதும், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் என்னிடம் கேட்டுவிடுவார்கள். பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் கேட்பார்கள்.

மெஷின் வந்த பிறகு டாக்டரின் கைக்கு என்ன வேலை, அந்தக் கை தேறுகிறதா மங்குகிறதா என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வயிறு, இடுப்பு, நெஞ்சுப் பகுதியில் சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்களைப் பற்றி மட்டும்தான் இது. முழங்கால் மூட்டு மாற்றும் ரோபோ வேறு வகை, அதை இங்கே சேர்க்கவில்லை.

சிஸ்டர், ரோபோதான் ஆபரேஷன் பண்ணப் போகுதா? டாக்டர் அங்க இருப்பாரா மாட்டாரா?

இருப்பார், அதே அறையில். நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, மெஷினை இயக்கும் மேஜையான கன்சோலில் உட்கார்ந்து, விரல்களைப் பிடிப்பான்களில் நுழைத்து அசைப்பார். அந்த அசைவுதான் வயிற்றுக்குள் இருக்கும் கருவியின் அசைவாக மாறுகிறது. டா வின்ச்சி என்ற மெஷினில், உள்ளே நடப்பதைக் காட்டும் பார்வைப் பெட்டியிலிருந்து டாக்டர் தலையை எடுத்தாலே கருவிகள் அப்படியே நின்றுவிடும். தானாக ஒரு வெட்டு வெட்டாது, ஒரு தையல் போடாது.

ரோபோ என்ற சொல்தான் பயத்தைக் கிளப்புகிறது. இதற்கு மருத்துவர்கள் சொல்வது ரோபோ உதவியுடன் செய்யும் அறுவை சிகிச்சை. உதவி என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். அமெரிக்காவின் டா வின்ச்சிக்கு 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. இப்போது குருகிராமில் உருவான எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா, இங்கிலாந்தின் வெர்சியஸ், மெட்ரானிக் நிறுவனத்தின் ஹூகோ என்று இந்தியாவில் பல மெஷின்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பெயர் எதுவானாலும் ஓட்டுவது டாக்டர்தான்.

லேப்ராஸ்கோப்பியும் ஓட்டை போட்டுத்தான் பண்றாங்க, ரோபோவும் ஓட்டை போட்டுத்தான் பண்றாங்க. அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

வெளியே தெரியும் தழும்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் டாக்டரின் கைக்கு. வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் கை உள்ளே போகும், மணிக்கட்டு மடங்கும், விரல் தொட்டுப் பார்க்கும். லேப்ராஸ்கோப்பி வந்ததும் நோயாளிக்கு வலி குறைந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போனார். இந்தியாவில் 1990 இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உட்வாடியா இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். பத்து இருபது ஆண்டுகளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த லாபத்துக்கான விலையைக் கொடுத்தது டாக்டரின் கை.

லேப்ராஸ்கோப்பிக் கருவி நீளமான, நேரான குழாய். அதை உள்ளே வெளியே நகர்த்தலாம், மேலே கீழே சாய்க்கலாம், இடம் வலம் சாய்க்கலாம், தன் அச்சில் சுழற்றலாம். இந்த நான்கு அசைவுகளோடு நுனியைத் திறந்து மூடலாம். அவ்வளவுதான். நுனிக்குப் பக்கத்தில் மடங்கும் மூட்டு கிடையாது. அதோடு, வயிற்றுச் சுவரில் இருக்கும் துளை ஒரு ஊன்றுபுள்ளி ஆகிவிடுகிறது. படகுத் துடுப்பைப் போல, கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் நுனி இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே போகும். கருவி உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே கை அசைவுக்கு நுனி நகரும் தூரமும் மாறும். இதையெல்லாம் மூளை ஓயாமல் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணோ நோயாளியைப் பார்க்காமல் தூரத்தில் இருக்கும் தட்டையான திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரோபோவில் கம்ப்யூட்டர் இந்தத் தலைகீழ்க் கணக்கைச் செய்துவிடுகிறது. டாக்டர் கையை வலப்பக்கம் கொண்டுபோனால் திரையில் நுனியும் வலப்பக்கம் போகும். கேமராவும் டாக்டரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். லேப்ராஸ்கோப்பியில் கேமராவைப் பிடித்து நிற்கும் உதவியாளருக்குக் கை சோர்ந்தால் படம் ஆடும், டாக்டர் 'நேராப் பிடிப்பா' என்பார். அந்தக் குரல் ரோபோ தியேட்டரில் கேட்பதில்லை.

அந்த மெஷினுக்கு மணிக்கட்டு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அதனால நமக்கு என்ன லாபம்?

டா வின்ச்சியின் கருவி நுனியில், சுமார் 8 மில்லிமீட்டர் குழாயின் முடிவில், இரண்டு திசையில் மடங்கும் மூட்டு இருக்கிறது. மேலே சொன்ன நான்கு அசைவுகளோடு இந்த இரண்டையும், நுனி திறந்து மூடுவதையும் சேர்த்தால் ஏழு. மெல்லிய உலோக வடங்கள் குழாய்க்குள் ஓடி அந்த மூட்டை இழுக்கின்றன.

இதன் அருமை தெரிவது தையல் போடும்போதுதான். ப்ராஸ்டேட் சுரப்பியை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையைச் சிறுநீர்க் குழாயோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், குறுகிய இடத்தில், வட்டமாகச் சுற்றி வரவேண்டிய தையல் அது. வளைந்த ஊசி அதன் வளைவிலேயே திசுவுக்குள் போய் வெளியே வரவேண்டும். இல்லையென்றால் துளை கிழிந்து பெரிதாகும். நேர்க் கருவியில் அந்தக் கோணத்தைப் பிடிக்கக் கைதேர்ந்தவர்களே திணறுவார்கள். மூட்டுள்ள கருவியில் ஊசி இருக்கும் பக்கத்துக்கு நுனியைத் திருப்பிக்கொள்ளலாம். சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைப்பது, கர்ப்பப்பையை எடுத்த பிறகு பிறப்புறுப்புப் பாதையின் மேல் முனையைத் தைப்பது ஆகியவற்றிலும் இதே உதவி கிடைக்கும்.

சாதாரணப் பித்தப்பை ஆபரேஷனில் தையல் வேலை மிகக் குறைவு. கிளிப் போட்டு வெட்டி எடுப்பதுதான். அங்கே இந்த மணிக்கட்டுக்குப் பெரிய வேலை இல்லை.

எங்க டாக்டருக்கு வயசு அறுபதுக்கு மேல. கை லேசா நடுங்குது. ரோபோன்னா பரவாயில்லைதானே சிஸ்டர்?

நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. நல்ல ஆரோக்கியமான இளைஞரின் கையும் நொடிக்கு 8 முதல் 12 தடவை மிக நுண்ணியதாக அதிர்ந்துகொண்டே இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நீளமான கருவியின் முனையிலும், பெரிதாக்கிக் காட்டும் திரையிலும் அது தெரிந்துவிடும். ரோபோ மெஷின் இந்த வேகமான அதிர்வை வடிகட்டிவிட்டு, வேண்டுமென்றே செய்யும் மெதுவான அசைவை மட்டும் கருவிக்கு அனுப்புகிறது.

இன்னொன்று, அசைவின் அளவைக் குறைப்பது. 3:1 என்று வைத்தால் டாக்டரின் கை 3 சென்டிமீட்டர் நகர, உள்ளே கருவி 1 சென்டிமீட்டர்தான் நகரும். பார்ப்பதோ பத்து மடங்கு வரை பெரிதாக்கிய, ஆழம் தெரியும் முப்பரிமாணப் படம். கை எட்டவில்லை என்றால் கிளட்ச் மிதியை அழுத்தி, கருவியை அசைக்காமல் கையை மட்டும் வசதியான இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்கலாம். பெரிய அசைவில் வேலை செய்து நுண்ணிய வெட்டு வாங்குவது என்பது திறந்த ஆபரேஷனில்கூட கைக்குக் கிடைக்காத வசதி.

ஆனால் நோயினால் வரும் நடுக்கம் வேறு. பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை, வீச்சும் பெரிது. வடிகட்டி அதற்காக வைக்கப்பட்டதில்லை. உங்கள் டாக்டருக்கு அறுபது வயது என்பதை வைத்து மட்டும் நான் கவலைப்பட மாட்டேன். அறுபதில் கல்போல் நிற்கும் கைகளைத் தினமும் பார்க்கிறேன். கண்ணுக்கே தெரியும் அளவு நடுங்கினால், ரோபோ அதற்கு மருந்து அல்ல.

சிஸ்டர், நான் வலது கைக்காரன். லேப்ராஸ்கோப்பில இடது கை சுத்தமா வரல. ரோபோல அந்தப் பிரச்சினை இருக்காதாமே? *(ஒரு பி.ஜி. மாணவர்)*

குறையும், முழுசாகப் போகாது. லேப்ராஸ்கோப்பியில் பழக்கமில்லாத கைக்குத் தலைகீழ்க் கணக்கும் சேர்ந்து வருவதால் இடது கை இன்னும் மோசமாகத் தெரிகிறது. ரோபோவில் அந்தக் கணக்கு இல்லை, அதிர்வும் வடிகட்டப்படுகிறது. அதனால் இரண்டு கைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். அதோடு, டாக்டரே மூன்று கருவிகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, இரண்டை இயக்கி ஒன்றைத் திசுவைப் பிடித்துவைக்க நிறுத்திவிடலாம்.

ஆனாலும் இடது கையால் முடிச்சுப் போடும் பயிற்சியை விடாதீர்கள் தம்பி. ஏன் என்பதை அடுத்தடுத்த பதில்களில் சொல்கிறேன்.

இதையெல்லாம் யாராவது அளந்து பார்த்திருக்காங்களா, இல்ல கம்பெனிக்காரங்க சொல்றதா?

அளந்திருக்கிறார்கள். 2004 இல் லண்டன் ஆய்வாளர்கள், அறுவை மருத்துவர்களை ஒரே தையல் வேலையை லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும் செய்யச் சொல்லிக் கை அசைவைக் கருவி வைத்து அளந்தார்கள். மணிக்கட்டு, அதிர்வு நீக்கம், அசைவுக் குறைப்பு மூன்றும் சேர்ந்து கைத்திறனை லேப்ராஸ்கோப்பியைவிடக் கிட்டத்தட்ட 50 சதவீதம் உயர்த்தின. முப்பரிமாணப் பார்வை மேலும் 10 முதல் 15 சதவீதம் சேர்த்தது. அதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொரு கண்டுபிடிப்பு: முப்பரிமாணப் பார்வை வந்ததும் திறன் சார்ந்த தவறுகள் 93 சதவீதம் குறைந்தன. கையைத் தடுமாற வைப்பதில் பாதிக்கு மேல் கண்தான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. அது பயிற்சி மேஜையில் நடந்த சோதனை. அங்கே ரத்தம் கசியாது, கொழுப்பு மறைக்காது, முன்பு செய்த ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டிருக்காது. கை அசைவு சீராவது ஒரு விஷயம், நோயாளி நன்றாக வீடு திரும்புவது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாக்கி விளம்பரம் செய்யும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

மெஷினுக்குத் தொடு உணர்வே இல்லையாமே? எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாம எதையாவது கிழிச்சுட்டா?

நியாயமான பயம். பெரும்பாலான ரோபோ மெஷின்களில் திசு கெட்டியா, மெதுவா, நூல் எவ்வளவு இறுகுகிறது என்பது டாக்டரின் விரலுக்குத் தெரியாது. லேப்ராஸ்கோப்பியில் கொஞ்சம் மங்கலாகவாவது தெரியும், குழாய் வழியாக அழுத்தம் கைக்கு வந்து சேரும். ரோபோவில் அதுவும் அறுந்துபோகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் மெல்லிய நூலை இழுத்து அறுத்துவிடுவது இதனால்தான்.

அனுபவப்பட்டவர்கள் கண்ணால் தொடுகிறார்கள். இழுக்கும்போது திசு வெளுக்கிறதா, நூல் சுற்றியிருக்கும் இடம் எவ்வளவு குழிகிறது, ரத்தக் குழாயின் சுவர் எப்படி மடிகிறது என்று பார்த்தே அழுத்தத்தைக் கணித்துவிடுவார்கள். பெரிதாக்கிய முப்பரிமாணப் படம் இல்லாமல் இது நடக்காது. நான் பக்கத்தில் நின்று பார்க்கையில், ஒரு நல்ல கன்சோல் டாக்டர் முடிச்சை இறுக்கும் கடைசி நொடியில் வேகத்தை அப்படியே குறைப்பார். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது.

மெஷின்களும் மாறுகின்றன. கைக்கு விசையை உணர்த்தும் சென்ஹான்ஸ் மெஷினுக்கு அமெரிக்காவில் 2017 இல் அனுமதி கிடைத்தது. 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற டா வின்ச்சி 5 இல் விசை உணர்த்தும் தனிக் கருவிகள் வந்திருக்கின்றன. எல்லா மருத்துவமனையிலும் அவை இல்லை. உங்கள் மருத்துவமனையில் இருப்பது எந்த மெஷின் என்று கேட்பதில் தப்பில்லை.

கை அவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா ரிசல்ட்டும் நல்லா இருக்கணுமே. ரோபோ ஆபரேஷன்தான் பெஸ்ட்டுன்னு எடுத்துக்கலாமா?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 2017 இல் வெளியான ரோலார் என்ற ஆய்வில், மலக்குடல் புற்றுநோய் உள்ள 471 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி, பாதிப் பேருக்கு ரோபோ என்று செய்தார்கள். நடுவில் வயிற்றைத் திறக்கவேண்டி வந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 சதவீதம். பார்க்கக் குறைவுதான், ஆனால் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம் என்பதே புள்ளியியல் முடிவு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து 2016 இல் வெளியான ப்ராஸ்டேட் ஆய்வில், ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனையில் தங்கும் நேரமும் குறைவு. ஆனால் சிறுநீரைக் கட்டுப்படுத்துவது, தாம்பத்திய செயல்பாடு இரண்டிலும் 12 வாரத்தில் திறந்த ஆபரேஷனுக்கும் ரோபோவுக்கும் வித்தியாசமில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2018 இல் வெளியான பெரிய ஆய்வு, துளை வழியாகக் கர்ப்பப்பையைச் சுற்றுத் திசுவோடு எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது திறந்த ஆபரேஷனைவிட அதிகம், உயிர் பிழைப்பதும் குறைவு என்று காட்டியது. அதில் பெரும்பாலானவை லேப்ராஸ்கோப்பி, ஒரு பகுதி ரோபோ. 2019 இல் அமெரிக்க அரசே ரோபோ மெஷின்களைப் புற்றுநோய் ஆபரேஷனில் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அந்த நோய்க்கு அந்த வழி சரியா என்பது தனிக் கேள்வி. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்த நோய் என்றால் இதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

அப்ப மெஷினும் பெரிசில்ல, கையும் பெரிசில்லன்னு சொல்றீங்களா?

கை மிகப் பெரிது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 அறுவை மருத்துவர்கள், உடல் பருமனுக்கான லேப்ராஸ்கோப்பி இரைப்பை ஆபரேஷன் செய்யும் வீடியோவைக் கொடுத்தார்கள். யார் செய்தது என்று தெரியாமல் சக மருத்துவர்கள் கைத்திறனுக்கு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண்ணில் அடியில் இருந்த கால் பகுதியினரின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், மேலே இருந்த கால் பகுதியினரின் நோயாளிகளுக்கு 5.2 சதவீதம். அந்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. ஒரே ஆபரேஷன், ஒரே வகைக் கருவிகள், மாறியது கை மட்டும்.

எந்த மெஷின் என்று விசாரிப்பவர்கள் நிறைய. யார் கை என்று விசாரிப்பவர்கள் குறைவு. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பாதியில மெஷின் நின்னுபோச்சுன்னா? கரண்ட் கட் ஆச்சுன்னா?

பெங்களூர்க்காரர்கள் மறக்காமல் கேட்கும் கேள்வி. தியேட்டருக்கு யு.பி.எஸ்., ஜெனரேட்டர் உண்டு, மெஷினிலும் பேட்டரி உண்டு. மெஷின் கோளாறு வந்தால் கருவிகளை வெளியே எடுத்து, ரோபோ கைகளைத் துளைகளிலிருந்து பிரித்து, மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு லேப்ராஸ்கோப்பியிலோ வயிற்றைத் திறந்தோ தொடர்வோம். அவசரமாகப் பிரிப்பதை நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்திருப்போம். ஆபரேஷன் தொடங்கும்போதே திறந்த ஆபரேஷனுக்கான கருவிகள் தயாராக இருக்கும்.

மெஷின் நிற்பதைவிட நான் அதிகம் யோசிப்பது ரத்தக் கசிவைத்தான். பெரிய குழாய் ஒன்று கிழிந்தால் கன்சோலில் இருக்கும் டாக்டர் எழுந்து, கிருமி நீக்கிய உடையும் கையுறையும் போட்டு வரவேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். வந்த பிறகு, வயிற்றைத் திறந்து கையால் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். அந்தப் பழைய கைத்திறனுக்கு மாற்று எந்த மெஷினிலும் இல்லை.

நாங்க படிக்கிறப்பவே ரோபோதான் எல்லாம். லேப்ராஸ்கோப்பி கை, ஓப்பன் கை ரெண்டும் போயிடுமா சிஸ்டர்? *(பி.ஜி. மாணவி)*

போக விட்டால் போகும் அம்மா. லேப்ராஸ்கோப்பியில் தேறியவர்கள் ரோபோவுக்கு வரும்போது உடற்கூறும், படிகளும், திசுவை மதிப்பிடும் கண்ணும் கூடவே வருகின்றன. மெஷினின் மிதிகளையும் அசைவு முறையையும் பழகினால் போதும். மறுபக்கம் போவது கடினம். ரோபோவில் மட்டுமே தையல் பழகியவரிடம் நேர்க் கருவியைக் கொடுத்தால், மேலே சொன்ன தலைகீழ்க் கணக்கைப் புதிதாகத்தான் பழக வேண்டும், மணிக்கட்டும் இருக்காது. அதனால் பயிற்சிப் பெட்டிக்குள் நேர்க் கருவியை விட்டுப் பழகுவதை விடக் கூடாது. ஊசியை மாற்றிப் பிடிப்பது, வளையங்களைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றுவது, உள்ளுக்குள் முடிச்சுப் போடுவது எல்லாவற்றையும் இரண்டு கையாலும் செய்யுங்கள்.

இன்னொரு பிரச்சினையைத் தியேட்டரில் கண்கூடாகப் பார்க்கிறேன். திறந்த ஆபரேஷனில் சீனியர் டாக்டருக்கு உதவிக் கை கட்டாயம் வேண்டும். படிப்பவர்கள் எதிரே நின்று பிடித்து, வெட்டி, தைத்துப் பழகினார்கள். ரோபோவில் சீனியர் தனியாகவே பெரும்பகுதியை முடித்துவிடலாம். படிப்பவர்கள் திரையைப் பார்த்தபடி ஓரமாக நிற்கிறார்கள். பார்த்தால் மட்டும் கை பழகாது. 2009 இலிருந்து இரட்டைக் கன்சோல் வசதி இருக்கிறது. ஒருவர் ஓட்ட இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். அது இருக்கும் இடத்தில் வெட்கப்படாமல் வாய்ப்புக் கேளுங்கள். இல்லாத இடத்தில் சிமுலேட்டரில் உட்காருங்கள். சீனியர்கள் யாராவது இதைப் படித்தால்: தயவுசெய்து ஒரு தையலாவது பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

என் பையன் எந்நேரமும் வீடியோ கேம். அவன் நல்ல ரோபோ டாக்டர் ஆவானா?

2007 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 33 மருத்துவர்களில் முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாகவும் இருந்தார்கள். அது பயிற்சி வேலை, லேப்ராஸ்கோப்பி, சிறிய எண்ணிக்கை. கண்ணும் கையும் ஒத்துழைப்பதற்கு உதவலாம். மற்றபடி முதலில் நீட்டில் பாஸாகட்டும்.

உட்கார்ந்துக்கிட்டே பண்றதால டாக்டருக்கு வலி இருக்காதுல்ல?

குறையும். லேப்ராஸ்கோப்பி செய்யும் 317 மருத்துவர்களிடம் கேட்டு 2010 இல் வெளியான ஆய்வில் சுமார் 87 சதவீதம் பேர் கழுத்து, தோள், கை என்று உடல் தொந்தரவு சொன்னார்கள். தோளை உயர்த்தி, மணிக்கட்டை வளைத்து மணிக்கணக்கில் நின்றால் வராமல் என்ன செய்யும்? கன்சோலில் முழங்கையைத் தாங்கி உட்காரலாம். ஆனாலும் குனிந்த கழுத்து, விரல் சோர்வு, கண் எரிச்சல் ரோபோ டாக்டர்களுக்கும் உண்டு. நாற்காலி உயரத்தையும் பார்வைப் பெட்டியின் சாய்வையும் சரிசெய்துகொண்டு தொடங்குபவரின் கை நான்காவது மணி நேரத்திலும் தளராமல் இருக்கும்.

டாக்டர் தள்ளி உட்கார்ந்துட்டா பேஷன்ட் பக்கத்துல யாரு?

நாங்கள். உதவி மருத்துவர் ஒருவர், ஸ்க்ரப் நர்ஸ் ஒருவர், தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர். உதவி மருத்துவர் தனித் துளை வழியாகச் சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவியை விட்டு ரத்தத்தை உறிஞ்சுவார், கிளிப் போடுவார், ஊசியை உள்ளே கொடுத்து வெளியே வாங்குவார். அவருக்கு மணிக்கட்டுக் கருவி இல்லை, முப்பரிமாணப் பார்வைப் பெட்டியும் பெரும்பாலும் இல்லை. எல்லாமே பழைய லேப்ராஸ்கோப்பிக் கைத்திறன்தான். கன்சோல் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் உறிஞ்சு குழாயைத் தப்பான நொடியில் நகர்த்தினால் படம் சிவப்பாகிவிடும்.

கருவி மாற்றுவது, லென்ஸ் துடைப்பது, ரோபோ கைகள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்ப்பது, நோயாளியின் முகத்திலோ காலிலோ அழுத்தாமல் பார்ப்பது என் வேலை. மெஷினுக்குத் தொடு உணர்வு இல்லாத இடத்தில் எங்கள் கையும் கண்ணும்தான் அதைச் செய்கின்றன. ரோபோ டாக்டரின் பெயரைக் கேட்பவர்கள் அவருடைய டீம் வழக்கமான டீமா என்றும் கேட்கலாம்.

டாக்டர் வேற ஊர்ல இருந்துக்கிட்டே இங்க பண்ண முடியுமாமே?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தார். கை அசைந்து படம் திரும்பி வர ஆன தாமதம் சராசரியாக 155 மில்லி நொடி. தாமதம் கூடக் கூடக் கை தயங்கும், அசைத்துவிட்டுக் காத்திருக்கப் பழகிவிடும், மேலே சொன்ன நேர்த்தியெல்லாம் குறையும். 2025 தொடக்கத்தில் குருகிராமிலிருந்து ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு மந்த்ரா மெஷினில் இதய ஆபரேஷன் நடந்தது. இப்படிச் செய்யும்போதும் நோயாளியின் பக்கத்தில் முழு டீம் இருந்தே ஆகவேண்டும். காரணம் ரத்தக் கசிவு பற்றிய பதிலில் இருக்கிறது.

பணம் அதிகமாகுதே. இன்ஷூரன்ஸ் கொடுக்குமா? கொடுத்தா மட்டும் பண்ணிக்கலாமா?

மெஷின் விலை, பராமரிப்பு, அதோடு கருவிகளுக்கு எண்ணி வைத்த ஆயுள். குறிப்பிட்ட தடவைக்கு மேல் ஒரு கருவியை மெஷினே ஏற்காது. அந்தச் செலவு பில்லில் வரும். 2019 இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ரோபோ அறுவை சிகிச்சையைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளில் சேர்த்தது. ஆனால் கம்பெனிகள் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பாலிசியில் ரோபோவுக்கு எத்தனை சதவீதம் என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை சிகிச்சை இருக்கிறது.

செலவு தகுமா என்பது ஆபரேஷனைப் பொறுத்தது. சிக்கலில்லாத பித்தப்பைக்குக் கடன் வாங்கி ரோபோவுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ப்ராஸ்டேட், சிறுநீரகத்தில் கட்டி மட்டும் எடுப்பது, ஆழமான இடுப்புப் பகுதித் தையல் என்றால், மணிக்கட்டுக்கு வேலை இருக்கிறது, யோசிக்கலாம். அங்கேயும் லேப்ராஸ்கோப்பியிலோ திறந்த முறையிலோ நன்றாகச் செய்யும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், ரோபோவில் புதியவரைவிட அவரே எனக்குப் பிடித்தவர்.

சரி சிஸ்டர், டாக்டர்கிட்ட என்னதான் கேட்கணும்? கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?

நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். இந்த ஆபரேஷனை ரோபோவில் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ரோபோவில் எத்தனை என்று பொதுவாகக் கேட்டால் போதாது, உங்கள் ஆபரேஷனின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கன்சோலில் நீங்களே இருப்பீர்களா, படிப்பவர்கள் ஏதாவது பகுதி செய்வார்களா என்று கேளுங்கள். செய்வார்கள் என்றால் பயப்பட வேண்டாம், சீனியர் கூடவே இருப்பாரா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். லேப்ராஸ்கோப்பியில் செய்தால் எனக்கு என்ன குறையும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அவருக்குத் தன் கையும் தெரியும், மெஷினும் தெரியும்.

கடைசியாக, வயிற்றைத் திறக்கவேண்டி வந்தால் யார் செய்வார் என்று கேளுங்கள். சம்மதப் படிவத்தில் அதற்கு ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ. படிக்கத் தெரியவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் வார்டில் தமிழ் தெரிந்த சிஸ்டர் யாரையாவது கூப்பிட்டு, அந்த வரியை வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். பெங்களூர் மருத்துவமனைகளில் தமிழ் சிஸ்டருக்குப் பஞ்சமில்லை, எங்களில் ஒருத்தி கட்டாயம் இருப்போம்.